மூன்று மண் கண்கள்

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் புளி உலுக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடம் போகிறதுகள் தானாகத் திரியும். நடுவில் உள்ளதுகள்தான் தொல்லை. மூன்று வயது, நான்கு வயது. நடக்கத் தெரியும், வெயில் தெரியாது. அதுகளை என்னிடம் விட்டுப் போவார்கள். எனக்கு ஒரு கால் சூம்பிய கால். நாள் முழுக்கக் குந்திப் புளி பொறுக்க ஆகாது.

வீட்டுக்கு முன்னால் புங்கமரம். அந்த மாதம் பூ பொரிபோலக் கொட்டும். அதன் கீழ் பிள்ளைகளை உட்கார வைப்பேன். சும்மா உட்கார்ந்தால் அடித்துக்கொள்ளும். அதனால் கைக்கு ஏதாவது கொடுத்துவிடுவேன். கொட்டாங்கச்சியில் புங்கம்பூவை அள்ளிப் போட்டால் சோறு. பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பி. இலவம்பஞ்சைத் திரித்து ஈர்க்கில் சுற்றினால் கொக்கு. பனையோலையைக் கிழித்து முள் குத்தினால் காத்தாடி. ஈரமண்ணில் மாடு பிடித்துப் புளியங்கொட்டை பதித்தால் அதற்குக் கண். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை அழுதால் கை தானாகத் தேடும்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மற்றதுகள் காத்தாடியோடு ஓடும். இவள் உட்கார்ந்து மாடு பிடிப்பாள். மூன்று கால்தான் வைப்பாள். கேட்டால், நாலாவது காலை மடக்கிப் படுத்திருக்கிறது என்பாள்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பங்குனி நடுவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு முத்துப் போட்டது. பெரியம்மை.

அன்றோடு மரத்தடி காலி. யாரையும் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

வாசலில் வேப்பங்கொத்துச் செருகினோம். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. ஊசி, நூல், கத்தி எதையும் எடுக்கக் கூடாது. வெளியூர் போய்வந்த கால் உள்ளே வரக் கூடாது. என் வீட்டுக்காரர் மொரப்பூர் ரயிலடிக்குப் புளி மூட்டை ஏற்றிப்போகிற வண்டிக்காரர். அவர் புங்கமரத்தடியில் படுத்துக்கொண்டார். வேண்டியதை வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பார். அரூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று அங்கிருந்தே கேட்டார். ஆத்தா இருக்கும்போது எல்லை தாண்டக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே வந்தவள் ஒருத்திதான், பக்கத்து வீட்டு அண்ணி. அவளுக்குச் சின்ன வயதிலேயே ஆத்தா வந்து போயிருந்தது. இனி வராது. முகம் நிறையத் தழும்பு. இடது கண் இல்லை. வாய்க்கு மட்டும் குறைவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"உசுருக்கு ஆத்தா பொறுப்பு. கண்ணுக்கு நீ பொறுப்பு, புள்ள. கைய மொகத்துக்கு வுட்றாத."

கையைக் கட்டிவிடட்டுமா என்றேன்.

"எங்கம்மா கட்டித்தான் போட்டா. நான் மூஞ்சியக் கொண்டுபோயி செவுத்துல தேச்சேன். எவ்ளோ அழகா இருக்கேன் பாரு."

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவள் கை, அவள் கண். வேப்பங்கொத்தால் தடவுகிறவரை அடங்கியிருப்பாள். கொத்தை எடுத்தால் கை முகத்துக்கு ஏறும். நகம் வளர்ந்திருந்தது. நகத்தை வெட்டக் கத்தி எடுக்கவும் ஆகாது.

அடுத்து இமைமேலும் முத்து. இமை வீங்கி இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன.

"அம்மா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

வெளியே உச்சி வெயில். இன்னும் இல்லை என்றேன்.

கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காத்தாடிக்கு முள் வேண்டும், முள்ளும் ஊசிதான். பஞ்சைத் திரித்தால் நூல். திரிக்காவிட்டால் முத்தில் ஒட்டும். பீப்பி ஊத உதடு வேண்டும். உதட்டிலும் முத்து. எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் கழிந்துபோய் மண்தான் மிஞ்சியது.

வீட்டுக்காரரிடம் புற்றுமண் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. தலைத்துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். கல் இல்லாமல் சலித்திருந்தார். வேப்பிலைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அவள் கையில் வைத்தேன். மண் குளிர்ந்திருந்தது. கை அங்கேயே நின்றது.

கண் தெரியாமலே மாடு பிடித்தாள். மூன்று கால். கொம்பு பிடித்தாள். உடைத்து உருட்டி மறுபடி பிடித்தாள். நகத்துக்குள் மண் ஏறிக் காய்ந்து நகம் மழுங்கியது. கை முகத்துக்குப் போனாலும் கீறவில்லை. தூங்கும்போது கைக்கு ஒரு உருண்டை வைத்து விரலை மூடி, என் கையால் பிடித்துக்கொள்வேன். மண் காயக் காயத் தண்ணீர் தொட்டுப் பிசைவேன். அண்ணி வந்து கொஞ்சம் பிடித்துக்கொண்டால் நான் கூழ் கரைப்பேன்.

ஒருநாள் மாடு சலித்துவிட்டது. மண்ணை வீசி எறிந்தாள். இரண்டு கையும் முகத்துக்குப் போயின. பிடித்தேன். அந்தச் சின்ன உடம்புக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. இமையில் இரத்தம் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆத்தாளுக்குக் கண்ணு செஞ்சு குடுக்கலாமா?"

கண்ணுக்குக் கேடு வந்தால் கோயிலில் கண் செய்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருக்கிறவர்கள் வெள்ளியில் வைப்பார்கள். இல்லாதவர்கள் குயவரிடம் சொல்லி மண்ணில் வைப்பார்கள். பிள்ளை கையால் பிடித்ததை யாரும் வைத்ததில்லை. வைக்கலாமா கூடாதா என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

அவள் அடங்கினாள். கண் எப்படி இருக்கும் என்று கேட்டாள். தன் கண்ணைத் தொட்டுப்பார்க்க விட முடியாது. நான் குனிந்து அவள் கையை எடுத்து என் கண்மேல் வைத்தேன். மெதுவாகத் தடவினாள். இமை, ஓரம், நடுவில் உருண்டை. என் கண்ணுக்குள் மண் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

ஒன்று பிடித்தாள். இன்னொன்று பிடித்தாள். மறுபடி மண் கேட்டாள். ஆத்தாளுக்கு இரண்டு போதும் என்றேன்.

"இது அத்தைக்கு."

அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

முத்து காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று அண்ணி சொன்னாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து எடுத்து ஊற்றினோம். ஈரத்துணியால் இமையை ஒற்றி ஒற்றி எடுத்தேன். வலது கண் திறந்தது. கூசியது. இடது கண்ணும் திறந்தது. வெள்ளையாக இருந்தது.

மண் கண் ஒன்றை முன்னால் நீட்டி என்ன என்று கேட்டேன். கண்ணு என்றாள். அவள் வலது கண்ணை என் உள்ளங்கையால் மறைத்தேன். மறுபடி கேட்டேன்.

"ஏம்மா திரும்ப இருட்டாக்கிப்புட்ட?"

கையை எடுத்துவிட்டேன்.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு போதும் புள்ள. ஒண்ண வெச்சுட்டுத்தான் உங்க எல்லாத்தையும் நான் மேச்சுட்டுக் கெடக்கறேன்."

சிரிக்கச் சொல்கிறாள் என்று தெரிந்தது. முடியவில்லை.

வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் மரத்தடியில் எழுந்து நின்றார். ஒரு விரலைக் காட்டினேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோயிலில் இரண்டு கண் வைத்தோம். மூன்றாவதை அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அதை என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

அடுத்த பங்குனிக்குப் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முந்திய வருஷத்துப் பிள்ளைகள் எல்லாம் வரவில்லை. எங்கள் வீட்டோடு ஆத்தா போய்விடவில்லை. வந்ததுகளுக்கு மண் பிசைந்து கொடுத்தேன். என் மகள் மாடு பிடித்தாள். ஒரு பக்கம் மட்டும் புளியங்கொட்டை பதித்துக் கீழே வைத்தாள். இன்னொரு கண் எங்கே என்றேன்.

அது அந்தப் பக்கம் இருக்கிறது என்றாள்.

மாட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இருந்தபடியே வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு மண் உருட்டினேன்.