ராகு காலத்தில் நகராத கார்

குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைக் கட்டியவர்கள், இந்த வீடுகளுக்கு வருகிறவன் எவன் கார் வாங்கப் போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். ஏழு மாடிக்கு ஜனங்களைக் குடிவைத்துவிட்டு, கீழே கார் நிறுத்த ஒரே ஒரு வரிசை இடம் விட்டார்கள். அறுபதுகளின் நடுவில் ஆளாளுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் காப்பி குடிக்கிறதற்கு முன்னாலேயே கீழே சண்டை ஆரம்பித்துவிடும்.

கடைசியில் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வரிசையில் இடம் இல்லாவிட்டால் அடுத்தவர் காருக்குக் குறுக்கே நிறுத்தலாம், ஆனால் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவார். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். கெடுத்தது யார் தெரியுமா? நம்ம ஆள்தான். நாலாம் மாடியில் இருந்த கிராணி. ஆபீசில் கணக்கு எழுதுகிற உத்தியோகம், நெற்றியில் பட்டை, பேச்சில் தேன்.

நான் அப்போது நிறைமாதம். முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். "இந்தத் தடவை வலி எடுத்த உடனே வந்துடணும், வீட்டுல உக்காந்துட்டு இருக்கக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் அந்த ஓட்டைக் காரையே வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலி எடுத்தது. இரண்டாம் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தால், எங்கள் காருக்குக் குறுக்கே பளபளவென்று ஒரு புதுக் கார். மூக்கில் ரோஜா மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். ஹேண்ட்பிரேக் இறுக்கிப் போட்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கிராணி பக்கத்திலேயே காவல் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிவிடுங்க. வலி வந்துடுச்சு" என்றேன்.

அவர் நகரவில்லை. "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. ராகு காலம் ஓடுது லா. மத்தியானம்தான் கடைக்காரன் கொண்டாந்து விட்டான், இன்னும் பூஜை போடல. ஆறு மணி ஆனதும் நேரா சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குத்தான் எடுக்கணும். இப்பத் தள்ளினா எலுமிச்சம்பழம் நசுங்கிடும்."

நசுங்கிடுமாம்! என் வயிற்றில் ஒரு உயிர் முட்டிக்கொண்டிருக்கிறது, மனுஷனுக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் கவலை. கீழ்வீட்டுச் சீனத்தி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து என் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். "லெக்காஸ் லா! லெக்காஸ்!" என்று, சீக்கிரம் சீக்கிரம் என்று மலாயில் அவரைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. நாலு பெற்றவள், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

சரி, என் வீட்டுக்காரர் நாலு வார்த்தை கேட்பார், அந்த ஆளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு பிரேக்கை எடுத்துவிடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! "இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கு, தாங்கிக்குவியா? நாமளும் ராகு காலத்துல கிளம்புறது..." என்று இழுத்தார். எனக்கு உச்சந்தலைவரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. கிராணியையாவது விடுங்கள், ஊரான். கட்டினவரே இப்படி நின்றால் நான் யாரிடம் போய் அழுவது?

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்றேன். "ராகு காலம் கழியட்டும்னு உக்கார வச்சீங்க. நல்ல நேரத்துலதான் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை எங்கே?"

அதற்குமேல் நான் யாரையும் கெஞ்சவில்லை. திறந்திருந்த புதுக் காரின் பின்சீட்டில் ஏறி, காலை நீட்டிச் சாய்ந்துவிட்டேன். சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"தங்கச்சி, இறங்குங்க! இந்தா தள்ளிவிட்டுடறேன், உங்க கார்லயே போங்க!" கிராணி பதறினார்.

"இனிமே என்னால இறங்க முடியாது. ஓட்டுறீங்களா, இல்ல இங்கேயே பெத்துக்கட்டுமா?"

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஒரு பக்கம் ராகு காலம், இன்னொரு பக்கம் பூஜை போடாத புதுக் காருக்குள் பிரசவத் தீட்டு. எது பெரிய பாவம் என்று அந்த மனுஷன் நின்று யோசித்தார். யோசனைக்கு நடுவில் எனக்கு அடுத்த வலி வந்தது. நான் போட்ட கூச்சலில் முன்சீட்டுக்குப் பாய்ந்து வண்டியைக் கிளப்பினார். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. சீனத்தி என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள், என் வீட்டுக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். தேக்கா பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் கிராணி "முருகா, முருகா" என்றதைத் தவிர வேறு பேசவில்லை.

ஆறு மணிக்கு முன்னாலேயே பிறந்துவிட்டாள் என் மகள். நல்ல குரல், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அழட்டும், அழட்டும் என்று நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். முதல் பிள்ளை அழவே இல்லை.

மறுநாள் பார்க்க வந்தார்கள் இரண்டு பேரும். கிராணி ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுக்காரர் குனிந்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், "யாராவது கேட்டா ஆறே காலுக்குப் பிறந்ததுன்னு சொல்லிடு. ஜாதகம் எழுதணும். பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்ல" என்றார்.

கிராணியும் தலையை ஆட்டினார். "ஆமா தங்கச்சி. நானும் ஆறு மணிக்கு மேலதான் காரை எடுத்தேன்னு புளோக்குல சொல்லிட்டேன்."

பெற்றவள் நான். என் பிள்ளை எப்போது பிறந்தாள் என்று எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டார்கள்! உடம்பில் அவ்வளவு அசதி இருந்தும் எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளையைத் தூக்கி இருவர் முகத்துக்கும் நேராகப் பிடித்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு என்ன, வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ராகு காலத்துலதான் பிறந்தா. மூச்சு விடுறாளா, நல்லாப் பாத்துக்குங்க."