கடைசிப் பாகத்தில் அவள் என்ன சொன்னாள்?

டெக்குக்குள் வீடியோ கசெற்றைத் தள்ளினால் முதலில் ஒரு 'கிளக்'... பிறகு 'ஷ்ஷ்ஷ்'... பிறகு ரீவியில் நடுங்கிக்கொண்டு இரண்டு வெள்ளைக் கோடு. ஒன்பது வயதில் என் சனிக்கிழமை மத்தியானம் அப்படித்தான் தொடங்கும்.

நேற்று எங்கள் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஜப்பான் சூப்பர் ஹீரோ சீரிஸிலை எத்தினை நல்லது கிடக்கு. ஏன் எல்லாரும் உந்தக் கறுப்பு ஹெல்மெற்காரன்ரை மோசமான சீரிஸையே தூக்கிப் பிடிக்கிறியள்?"

கொமென்ற்றில் பதில் எழுதப் போய் நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ரப்பர் பூதத்துக்குக் கிழமைக்கு ஒரு பெயின்ற் அடித்து அனுப்புவார்கள். ஹீரோவின் ஹெல்மெற் வெடித்துப்போய், வெடிப்பில் செலோரேப் ஒட்டியது அப்படியே தெரியும். கதையையும் பாதியில் அவசரமாக முடித்துவிட்டார்கள். அதுவும் ஒரே இருட்டு. சிரிக்க ஒரு மனிதர் இல்லை.

கனடாவில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டில் ஒரு சீனக் கடையில் அந்தக் கசெற்றுகளை வாடகைக்கு எடுப்போம். பேச்சு ஜப்பான் மொழி, கீழே எழுத்துச் சீனம். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்!

அப்போதுதான் அம்மாவின் தம்பி ரவி மாமா கனடாவுக்கு வந்து, எங்கள் ஹோல் சோபாவில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வெளிக்கிட்டது இரண்டு பேர்... அவரும் அவரின் தம்பி சின்ன மாமாவும். நடுவழியில், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் ஒரு பாஸ்போர்ட்தான் இருந்ததாம். ரவி மாமா ஏறிவிட்டார். அடுத்த கிழமை வருவான் என்று விட்டுவந்த சின்ன மாமாவைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அம்மா ரவி மாமாவுக்குச் சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், அகதிக் கேஸ் ஃபோர்ம் எல்லாம் நிரப்பினார். ஆனால் சின்ன மாமாவின் பெயரை மட்டும் அவர் முன்னால் எடுக்கமாட்டார். மாமாவும் ஒருநாள்கூட இரண்டாம் தரம் சோறு கேட்டதில்லை. "போதும் அக்கா" என்று எழும்பிவிடுவார்.

மற்ற சீரிஸ் என்றால் மாமாவுக்குக் கொட்டாவி. "உவங்கள் எப்பிடியும் வெல்லுவாங்கள். உதிலை என்ன கிடக்கு?"

ஆனால் இந்தக் கறுப்பு ஹெல்மெற்காரன், எரிகிற ஃபக்டரிக்குள் தன் கூட்டாளியை விட்டுவிட்டுத் தனியாக வெளியே பாய்ந்தானே... அன்றைக்கு மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு கசெற்றும் தவறவிடவில்லை. ஒவ்வொன்று முடியும்போதும் என்னிடம் கேட்பார்: "பிள்ளை, அடுத்ததிலையும் உவன் வாறானோ?"

வருவான். "உப்பிடிச் செய்துபோட்டும் வாறான் என்ன..." என்பார். வளர்ந்த மனிதர் இதை ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே புதினம்.

கடைசிக் கசெற் வந்த அன்று மாமாவுக்கு ரெஸ்ரோரன்ற்றில் ஷிஃப்ட். நான் தனியப் பார்த்தேன். செத்துப்போன கூட்டாளியின் அக்காவிடம் ஹீரோ வருகிறான். அவள் ஏதோ சின்னதாகச் சொல்கிறாள். ஒரு கிண்ணம் சோற்றை அவன் முன்னால் வைக்கிறாள். அவன் குனிந்து சாப்பிடுகிறான். முடிந்தது!

மாமா வந்து ஜக்கெற்கூடக் கழற்றவில்லை. "கடைசியிலை என்ன நடந்தது?"

"அவள் அவனை மன்னிச்சிட்டாள் மாமா! சோறெல்லாம் போட்டுக் குடுத்தாள்!"

எனக்கு வேறு எப்படி விளங்கும்? கோபம் என்றால் யாராவது சோறு போடுவார்களா?

குசினியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. அன்று சாப்பிடும்போது மாமா தலையை நிமிர்த்தாமல், "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றார். அம்மா போட்டார்.

போன ஞாயிறு யூனியன்விலிலிருந்து மாமா வந்திருந்தார். அதே சீரிஸ் இப்போது ஒன்லைனில், ஆங்கில சப்டைட்டிலோடு. கடைசிப் பாகத்தைப் போட்டேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். "ரேப் இன்னும் கழரேல்லையடி!" என்று மாமாவுக்குச் சிரிப்பு.

அந்த இடம் வந்தது. கீழே எழுத்து ஓடியது...

'நான் உன்னை மன்னிக்கவில்லை. சாப்பிடு.'

இத்தனை வருடமாக மாமா என் ஒன்பது வயது மொழிபெயர்ப்பை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ரிமோட்டைத் தேடினேன்.

"நிப்பாட்டாதை, ஓட விடு" என்றார் அம்மா.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா... நீங்களும் உப்பிடித்தானே?"

அம்மா ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம்" என்றார். பிறகு, "எழும்பு. சோறு ஆறுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்!

அப்போது ஒரு சொல்லும் விளங்காமல் முழுக் கதையும் விளங்கியதாக நினைத்தேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் சப்டைட்டில் இருக்கிறது. ஆனாலும் குரூப்பில் கேட்டவருக்கு என்னிடம் பெரிய விளக்கம் இல்லை. எப்போதும் வெல்கிறவனை நான் இடையில் விட்டுவிட்டு எழும்பிவிடுவேன். பிழை விட்டவன் அடுத்த கிழமையும் ரேப் ஒட்டிய ஹெல்மெற்றோடு வருகிறானா என்றுதான் எனக்குப் பார்க்க வேண்டும்.

மாமா அன்றும் இரண்டாம் தரம் சோறு கேட்டார். அம்மா போட்டார்.