பாம்புக்காது அக்காவும் வாஷிங் மெஷின் காதலும்

என் அக்காவுக்கு ஸ்டுடியோவில் வைத்திருக்கும் பெயர் பாம்புக்காது. சினிமாவுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் தொழில். கதாநாயகன் நடந்தால் செருப்புச் சத்தம், கதவு திறந்தால் கீல் சத்தம், இரண்டு பேர் காதலித்தால் பின்னால் லேசாகக் காற்று. அடுத்த தெருவில் ஒருவன் பென்சில் சீவினாலும் அவளுக்குக் கேட்கும் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். கூடவே இருந்து பார்த்தவன் என்கிற முறையில் நான் சொல்கிறேன். அடுத்த தெரு கேட்கும். அடுத்த நாற்காலி கேட்காது.

அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என் மாமா, அதாவது அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று கம்பிகளுக்கு எண்ணெய் விடுகிறவர். அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அதனால் எதையாவது முனகிக்கொண்டே வேலை பார்ப்பது பழக்கம். வீட்டுக்கு வந்தும் அது நிற்காது. துணி மடித்தால் முனகல், பாத்திரம் துடைத்தால் முனகல். அது பாட்டுதான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஒரு பாட்டில் கிளம்பி, வழியில் இன்னொரு பாட்டின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது பாட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் அது கேட்டால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். மாடி அறையில் குடியிருந்துகொண்டு மூன்று வேளையும் அவர்கள் வீட்டிலேயே சாப்பிடுகிற எனக்கு அந்தத் தகவல் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோருக்கும் தட்டு எடுத்து வைத்துக்கொண்டே மாமா முனக ஆரம்பித்தார். என் அக்கா பட்டென்று சொன்னாள்.

"சுருதியும் இல்ல, தாளமும் இல்ல. நாள் பூரா காதால வேலை பாத்துட்டு வர்றேன். வீட்டுலயாவது அந்த வாயைக் கொஞ்சம் மூடுங்களேன்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றோடு மூடினார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார், துணி மடித்தார். முனகல் மட்டும் இல்லை. வீடு பல் டாக்டரின் வரவேற்பறை மாதிரி ஆகிவிட்டது. அக்கா இதைக் கவனிக்கவே இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று அவளுக்கு ஒரே நிம்மதி. சாப்பாடு போடுகிற கையைக் குறை சொல்லும் வீரம் எனக்குக் கிடையாது, அதனால் நானும் பேசாமல் இருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் படம் அவளிடம் வந்து சேர்ந்தது. எதிர்காலத்தில் ஒரு நகரம். அங்கே காதலுக்குத் தடை. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் சைரன் ஊதிவிடும். பாட்டுக்கும் தடை, ஏனென்றால் பாட்டு கேட்கிறவர்கள்தான் அப்புறம் காதலிக்கிறார்களாம். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவனும் ஒருத்தியும் கண்ணாலேயே காதலித்து, கண்ணாலேயே அழுது, கடைசியில் பிடிபடுகிறார்கள்.

சாப்பிடும்போது இந்தக் கதையை எங்களிடம் சொல்லிவிட்டு அக்கா ரொம்பவே அலுத்துக்கொண்டாள். மனுஷன் வாயைத் திறந்து பாடுவதை யாராலாவது தடுக்க முடியுமா, கேட்கிறவன் காதில் பூ வைக்கிறார்களே என்றாள். மாமா தண்ணீர் குடித்தார். எனக்குப் புரையேறியது.

படத்துக்கு இசையமைப்பவர் பெரிய புள்ளி. அவரிடமிருந்து இசை வர நாளாகும். அதுவரை படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டுமே என்று, கையில் கிடைத்த சத்தத்தைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பது அக்காவின் வேலை. அதில் ஓர் ஆபத்து உண்டு. திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு டைரக்டர்களுக்கு அந்தத் தற்காலிகத்தின் மேலேயே மனசு போய்விடும். மாப்பிள்ளை வரும்வரை நாற்காலியைப் பிடித்து வைக்க உட்கார்ந்தவனுக்கே பெண்ணைக் கொடுத்துவிடுகிற மாதிரி.

தொழிற்சாலைக் காட்சிக்கு ஓர் இயந்திர இரைச்சல் தேவைப்பட்டது. அது அக்காவின் ஃபோனிலேயே இருந்தது. முன்பெல்லாம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பேய் பிடித்த மாதிரி கத்தும். ரிப்பேர்காரர் வந்து நின்றால் மட்டும் பரம சாதுவாகிவிடும். மாமா பெரிய பெரிய லிஃப்டையே பிரித்து மாட்டுகிறவர்தான், ஆனால் வாரண்டி இருக்கும்போது யாரும் கை வைக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். ரிப்பேர்காரரிடம் சாட்சி காட்டுவதற்காக அந்தக் கத்தலை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தாள். அதற்குக் கொஞ்சம் கனம் சேர்த்து, தொழிற்சாலையாக்கி ஒட்டிவிட்டாள்.

அன்று அக்காவை அழைத்துவர நான் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. தாடிக்குள்ளிருந்து பேசும் டைரக்டர் திடீரென்று எழுந்து நிறுத்தச் சொன்னார்.

"மெஷினுக்கு அடியில யாரோ பாடறாங்க. யாரது?"

அப்படி எதுவும் கிடையாது, வெறும் மெஷின்தான் என்றாள் அக்கா. மறுபடி போட்டார்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மெஷினின் தடதடப்புக்கு அடியில், துணி மடித்துக்கொண்டு, ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் மாமா. வாயை மூடச் சொல்வதற்கு முந்தைய காலத்து மாமா. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பதிவை ரிப்பேர்காரருக்குப் போட்டுக் காட்டியவள் அவள். வெட்டியவள், ஒட்டியவள், கனம் சேர்த்தவள். அத்தனை முறை கேட்டும் அதில் தன் புருஷன் இருப்பது அவள் காதில் விழவே இல்லை.

டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதையையே அங்கேயே மாற்றினார். இனிமேல் நாயகன் கண்ணால் காதலிக்கப் போவதில்லை, இயந்திர இரைச்சலுக்கு அடியில் முனகப் போகிறான். காவலர்களுக்குக் கேட்காது, நாயகிக்கு மட்டும் கேட்கும்.

"காதல்னா அதுதான் மேடம்," என்றார், ஊரில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி என் அக்காவிடம். "எவ்வளவு இரைச்சல்லயும் அந்த ஒரு குரல் மட்டும் காதுல விழுந்துடணும்."

நான் மேல்கூரையில் ஏதாவது விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைவசம் இருந்த முனகல் கொஞ்சம்தான். கடைசிக் காட்சிக்கு இன்னும் வேண்டும், அந்த ஆள் யாராக இருந்தாலும் கூட்டி வாருங்கள் என்றார் டைரக்டர். ஸ்கூட்டரில் திரும்பும்போது அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், மாமா எப்போது பாடுவதை நிறுத்தினார் என்று கேட்டாள். நீ நிறுத்தச் சொன்ன அன்றைக்கு என்றேன். சிக்னலில் நின்றபோதுதான் என் சட்டையின் முதுகு நனைந்திருப்பது தெரிந்தது.

அவரிடம் நேரில் கேட்க அவளுக்கு நா எழவில்லை. தூது போனவன் நான்தான். வேலை என்றால் வருகிறேன் மச்சான் என்று மாமா ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்றார். வெளியே பெரிய மேசைக்கு முன்னால் அக்கா, டைரக்டர், இசையமைப்பாளரின் உதவியாளர். சும்மா வீட்டில் பாடுகிற மாதிரி பாடுங்கள் என்றார்கள். மாமா தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். அவ்வளவுதான் வந்தது. உதவியாளர் இரக்கப்பட்டு ஒரு சுருதி போட்டுக் கொடுத்தார். செருமலும் நின்றுபோனது.

டைரக்டருக்கு ஒரு யோசனை. உள்ளே போய் மாமாவின் தோளில் கைபோட்டு விளக்க ஆரம்பித்தார். கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள், ஒரு இடம், அங்கே பாடினால் குற்றம், சந்தோஷத்தைச் சத்தமாகக் காட்டக் கூடாது, மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருகிறீர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"புரியுது சார்," என்றார். "இதுக்கு எதுக்கு கற்பனை?"

வசனம் பிரமாதம் என்று டைரக்டர் துள்ளினார். மைக் திறந்திருந்ததால் அது வெளியே எல்லோருக்கும் கேட்டது.  அக்கா உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னேன். இப்பவும் எல்லார் முன்னாலயும் சொல்றேன். நான் சொன்னது தப்பு. நீங்க பாடாம வீடு நல்லாவே இல்ல."

மாமா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"சுருதி?" என்றார்.

"அது கிடக்கட்டும்."

இந்த இடத்தில் மாமா வாய் திறந்து பாடி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது சினிமாவில். இங்கே அவர் தலையாட்டினார், மறுபடி செருமினார், மன்னித்துக்கொள்ளுங்கள் சார் வரவில்லை என்று வெளியே வந்துவிட்டார். அக்கா பொத்தானை அழுத்தி சாரி சொன்ன உடனே கிளம்பிவிட அது என்ன லிஃப்டா? வீட்டிலும் அதற்கப்புறம் முனகல் வரவில்லை. அக்கா மட்டும் மாறிப்போனாள். சமையலறைக்குப் போகிற சாக்கில் அவர் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுப்பாள். ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவாள். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கடைசிக் காட்சியைப் பெரிய புள்ளியின் வயலின் பட்டாளம் நிரப்பியது. தொழிற்சாலைக் காட்சியில் மட்டும் வாஷிங் மெஷின் தப்பித்தது. படம் வெளியான வாரம் நாங்கள் மூவரும் போனோம். தியேட்டரில் கூட்டம் என்று சொல்ல முடியாது. இருந்தவர்களிலும் பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள்.

தொழிற்சாலைக் காட்சி வந்தது. மெஷின் தடதடத்தது. அதற்கு அடியிலிருந்து மாமாவின் குரல் மெல்லக் கிளம்பி, தியேட்டர் முழுக்கப் பரவியது. திரையில் அந்தப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது என் பக்கத்து நாற்காலியிலிருந்தும் அதே முனகல் வந்தது. மாமா தன்னை மறந்து திரையிலிருந்த தன்னோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாவம், சுருதி சேரவில்லை. அவர் குரலோடு அவராலேயே சேர முடியவில்லை.

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். "சார், கொஞ்சம் வாயை மூடுங்க. படம் பாக்கணும்."

மாமா சட்டென்று நிறுத்தினார். அக்கா முன்னால் சாய்ந்தாள்.

"நீங்க படத்தைப் பாருங்க சார்," என்றாள். "அவர் பாடட்டும்."