பட்டாசு ஊர்க்காரர் என்று பென்ஷனை மறுத்தார்கள்

என் கணவர் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வுபெற்று நாரணாபுரம் திரும்பியபோது பாதிச் செவிடாகியிருந்தார். காது பாதிப்புக்கான பென்ஷன் கேட்டோம். ராணுவத்திலிருந்து மறுத்துக் கடிதம் வந்தது. சொந்த ஊர் சிவகாசிப் பக்கம் என்பதால் பட்டாசுச் சத்தத்தில் காது போயிருக்கலாமாம்! படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ஒருநாளும் பட்டாசு வேலைக்குப் போனதில்லை.

மேல்முறையீட்டுக்குப் புதிய மருத்துவச் சான்று வேண்டும் என்றார் வக்கீல். விருதுநகரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். ஆற்றாமையில் கொட்டிவிட்டேன்.

"பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறது நான், டாக்டரம்மா. அங்கன வெடிச்சத்தம் கேட்டா நாங்க உசுரோட இருப்போமா?"

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "நீங்களும் உக்காருங்க. உங்க காதையும் சோதிச்சுருவோம்."

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தும் என் காதில் ஒரு குறையும் இல்லை. கணவருக்கு, சுடும்போது பீரங்கி இருந்த பக்கத்து இடது காதுதான் மிகவும் மோசம். இரண்டு சோதனைகளையும் சேர்த்தே டாக்டர் அறிக்கை கொடுத்தார்.

அதை ஏற்றுப் பென்ஷன் கொடுத்தார்கள். முதலில் மறுத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை.

"ஜெயிச்சிட்டோம்ங்க!" என்றேன்.

"என்ன சொல்லுத?" என்றார் கணவர்.

காதருகே போய்க் கத்திய பிறகுதான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.