தேவாங்கின் அரைஞாண்

எட்டு வயது வரைக்கும் தேவாங்கு என்பது ஒரு விலங்கு என்றே எனக்குத் தெரியாது. அது என்னுடைய இன்னொரு பெயர் என்று நினைத்திருந்தேன்.

குச்சிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதி கண். போதாததற்கு, குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டு, போகிற நாள் தள்ளித் தள்ளிப் போனதில் இரண்டு வருஷமாக வெட்டாத முடி வேறு. பெயர் வைத்தவர் மாமா, அதாவது அத்தையின் கணவர். ஜமுனாமரத்தூரில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். கோடை விடுமுறைக்குத் திருப்பத்தூரில் பஸ் ஏறி, வளைவு வளைவாக வாந்தியை அடக்கிக்கொண்டு மலை மேல் போய் இறங்கினால், ஜீப்பில் சாய்ந்தபடி பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி, "வந்துட்டான்யா தேவாங்கு!" என்பார்.

அழமாட்டேன். எனக்கு வந்ததெல்லாம் சந்தேகம்தான். தேவாங்கு எப்படி இருக்கும்? மாமாவைக் கேட்டால், "உன்ன மாதிரி இருக்கும்" என்று சொல்லவந்து சிரிப்பில் பாதியை விழுங்கிவிடுவார். அத்தையைக் கேட்டால், "உங்க மாமா மாதிரி இருக்கும், போ" என்பாள். வகுப்பு டீச்சர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, குரங்கு மாதிரி என்றார். துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது: இவர்களில் ஒருவரும் தேவாங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைக் கொண்டு என்னை எப்படி அடையாளம் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு எட்டு வயதான வருஷம் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த மாமா, செருப்பைக் கழற்றும்போதே சேதி சொன்னார். அருவிக்குப் போகிற ரோட்டில் யாரோ ஒருவன் தேவாங்கு ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு, டூர் வருகிறவர்களிடம் காசு வாங்கிப் போட்டோ எடுக்க விடுகிறானாம்.

"உன் சொந்தக்காரன் வந்துகீறான் மாப்ள. போய் பாத்துட்டு வரலாமா?"

நான் கையைக் கழுவக்கூட அவரை விடவில்லை. எனக்கு வேண்டியது போட்டோ அல்ல, தீர்ப்பு. அது மாதிரி நான் இருக்கிறேனா, இல்லையா? இல்லை என்றால் மாமா அன்றோடு அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று அவரே கேட்டுக்கொண்டார். "அப்போ உன் ஸ்கூலுக்கே வந்து ரிஜிஸ்டர்ல எழுதிட்டு வந்துடுவேன்" என்றார். அவர் செய்யக்கூடிய ஆள்தான். அத்தையின் மரப்பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து டிராயர் பையில் சொருகிக்கொண்டேன். இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது?

ஜீப்பில் மாமா, அத்தை, நான். அருவிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே கூட்டம் தெரிந்தது. வேலூரிலிருந்து பைக்கில் வந்த பையன்கள், புதுத் தாலியோடு ஒரு ஜோடி, நுங்கு விற்கிறவர். நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் அந்த ஆள். அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது அது.

ஓர் அணில் பருமன்தான். ஆனால் அணில் இல்லை, குரங்கு இல்லை, பூனையும் இல்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி முடி. பென்சில் போன்ற கைகால். மனுஷ விரல், அதில் மனுஷ நகம். வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முகத்தில் மூக்கு எங்கே என்று தேடும்படி, அத்தனையும் கண். வெயிலில் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. யாராவது காசு கொடுத்ததும் அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவான். முகத்துக்கு நேரே சொடக்குப் போடுவான். கண் திறக்கும். போட்டோ. மறுபடி அது கையால் முகத்தை மூடிக்கொள்ளும்.

"வெக்கம் சார். லேடீஸப் பாத்தா ரொம்ப வெக்கம்" என்பான். கூட்டம் சிரிக்கும்.

நான் கேள்விகளை ஆரம்பித்தேன். இது என்ன சாப்பிடும்? "பால்சோறு." பெயர் என்ன? "ராஜா." எங்கே பிடித்தீர்கள்? "அதுவா வந்துச்சு." ஏன் பகலில் தூங்குகிறது? "நைட்டெல்லாம் டிவி பாக்குது நைனா, நீ கொஞ்சம் தள்ளு."

அப்போதுதான் அதன் இடுப்பைப் பார்த்தேன். கறுப்புக் கயிறு. ஒரு சுற்றுச் சுற்றி, முன்பக்கம் முடிச்சுப் போட்டு, மீதிக் கயிறு அந்த ஆளின் மணிக்கட்டு வரைக்கும் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. சட்டையைத் தூக்கி என் இடுப்பைப் பார்த்தேன். அதே கறுப்புக் கயிறு, அதே முடிச்சு.

அரைஞாண் இல்லாமல் எங்கள் பக்கம் ஆண்பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். அறுந்துபோனால் அன்று பொழுது சாய்வதற்குள் புதுசு கட்டியாக வேண்டும். உயிரோடு இருக்கிறவன் இடுப்பில் கயிறு இருக்கும், செத்தவனுக்குத்தான் அறுப்பார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆக, இந்தத் தேவாங்குக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, நல்லா இருக்கட்டும் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள். அதுவரை அந்த ஆள் மேல் இருந்த சின்னக் கோபம்கூட எனக்குப் போய்விட்டது.

மாமா பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு போட்டோ நூறு ரூபாய், தோளில் உட்காரவைத்தால் நூற்றைம்பது.

"இன்னாபா அநியாயம் பண்ற. என் ஜீப்பையே நூறு ரூபாய்க்கு போட்டோ எடுத்துக்க, விடறேன்."

"உங்க ஜீப்பு வெக்கப்படுமா சார்?"

கடைசியில் ஒரு போட்டோவுக்குப் பணம் கைமாறியது. அவன் அதை முழங்கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து என் தோளில் வைத்தான். எடையே இல்லை. காது ஓரத்தில் ஈரமான ஒரு சின்ன மூச்சு மட்டும். மாமா புதிதாக வாங்கிய போனைத் தூக்கினார், எடுத்தார், பார்த்தார். படத்தில் அவருடைய கட்டைவிரல் வந்திருந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்றால் அவன் இன்னொரு நூற்றைம்பது கேட்டான். "வெரல் என்னுதா சார்?" என்றான். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத யாரையோ பார்த்து, கையைத் தூக்கிக் கூப்பிட்டார்:

"ஃபாரஸ்டர் சார்! இங்க சார், இங்கதான் கீறான்!"

விலை குறைப்பான் என்றுதான் எதிர்பார்த்தாராம். அதே நொடியில்தான் நான் டிராயர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, எங்கள் இரண்டு முகமும் தெரிகிற மாதிரி நீட்டினேன். நான்கு கண்களைப் பார்த்தேன். ஒப்பிட நேரமில்லை. வெயில் கண்ணாடியில் பட்டு அதன் முகத்தில் பளீர் என்று அடித்தது. கீச் என்று ஒரு சத்தம். அது என் தலைக்கு ஏறி முடிக்குள் நான்கு கையையும் விட்டுப் பற்றிக்கொண்டது. அந்த ஆள் எழுந்து ஓட, மணிக்கட்டுக் கயிறு விறைத்து, படாரென்று அறுந்தது. கூடையை விட்டான், துண்டை விட்டான், புதருக்குள் பாய்ந்து போயே போய்விட்டான்.

"யோவ், சும்மா சொன்னேன்யா!" என்று மாமா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

மாமா என் தலையிலிருந்து அதை எடுக்கப் போய் ஆள்காட்டி விரலில் கடி வாங்கினார். இழுக்க இழுக்க அது இறுக்கியது. எனக்கு உச்சந்தலை பிய்ந்துவிடும் போலிருந்தது. அத்தை, "உடுங்க, புள்ள மண்டையோட வந்துடப் போவுது" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். தலையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கி நெற்றி வழியாக மூக்குக்கு வந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை, நாற்றமே சொன்னது.

அதற்குள் பைக் பையன்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"அண்ணா, தலையில ஏறிக்கினு செமயா கீது. இதோட ஒரு போட்டோ எவ்ளோ?"

மாமா ஒரு விநாடி தயங்கினார் என்று இன்றைக்கும் அத்தை சொல்கிறாள். அவர் மறுக்கிறார். அந்த ஒரு விநாடியில் நான்கைந்து போன்கள் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ மூக்குக்கு முன்னால் சொடக்குப் போட்டு, "தம்பி, இங்க பாரு, கண்ணத் தொற" என்றார்கள். திறந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தைதான் முந்தானையை எடுத்து எங்கள் இருவர் தலைமேலும் போர்த்தி, என்னை ஜீப்புக்குள் தள்ளினாள்.

முந்தானைக்குள் இருட்டியதும் ஓர் அதிசயம் நடந்தது. பிடி தளர்ந்தது. வெளிச்சம்தான் இதற்குப் பிடிக்கவில்லை, அதான் கண்ணை மூடுகிறது, வெட்கமெல்லாம் இல்லை என்று கண்டுபிடித்து அத்தைக்கு அறிவித்தேன். உச்சந்தலையில் அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது கேட்டது. எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம்.

மாமாவுக்கு வேறு கவலை. "இப்போ நெஜமாவே ஃபாரஸ்ட்காரன் வந்தா கேஸு யார் மேல? இவன் தலையில கீது, என் ஜீப்புல கீது. ஆபீஸ்ல குடுத்தா எங்க புடிச்சேன்னு கேப்பான். இன்னா சொல்றது, தானா வந்துச்சுன்னா?"

"காட்டுல உட்டுடுங்க" என்றாள் அத்தை.

எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பால்சோறு நானே ஊட்டுவேன் என்றேன். யாரும் கேட்கவில்லை.

நெல்லிவாசல் ரோட்டில், வீடுகள் முடிந்து மரங்கள் நெருங்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தினார் மாமா. ரோட்டோரப் புளியமரம் ஒன்று கிளையை நீட்டிக் காட்டு மரங்களோடு கலந்திருந்தது. என்னைத் தூக்கி ஜீப் பானெட்டின் மேல் நிற்கவைத்து, தலையைக் கிளையோடு ஒட்டவைத்தார். "நீ இப்போ மரம். ஆடாத."

மேகம் மூடி வெயில் இறங்கியிருந்தது. நான் மரமாக நின்றேன். ரொம்ப நேரம். கழுத்து வலித்தது, காலில் எறும்பு ஏறியது, மரம் ஆடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தலையில் ஒரு கை விட்டது. ஒரு விரல், இன்னொரு விரல், மெதுவாக, மிக மெதுவாகக் கிளையைத் தொட்டுப் பார்த்தது. அந்தக் கை நிச்சயமான பிறகுதான் அடுத்த கை. இவ்வளவு யோசித்து நடக்கிற ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அது பாதி என் மேலும் பாதி கிளை மேலும் இருந்தபோது மாமா டூல்ஸ் பெட்டியிலிருந்து பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் இடுப்பிலிருந்து ஒரு முழக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கயித்த அறுத்துடறேன் இரு."

"வேணாம் மாமா!" என்று கத்தினேன், மரம் என்பதையும் மறந்து. "அது அரைஞாண்! அறுத்தா செத்துடும்!"

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது. போலீசுக்குப் பயப்படாதவர், பேய்க்குப் பயப்படாதவர், அத்தையைப் பார்த்தார்.

"உட்டுடுங்க. புள்ள வாய்ல அப்படி வந்துடுச்சு. காட்டுக்குப் போறத வெறும் இடுப்போட எதுக்கு அனுப்பணும்?" என்றாள் அத்தை.

மாமா பிளேடை மறுபடி பெட்டியில் போட்டார். என் வாழ்நாளில் பெரியவர்கள் என் பேச்சைக் கேட்டு ஒரு முடிவை மாற்றியது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

அது முழுவதுமாகக் கிளைக்கு மாறியது. கயிறு பின்னால் ஆடிக்கொண்டே போனது. "வால் வந்துடுச்சு பாரு அதுக்கு!" என்று நான் கைதட்ட, அத்தைக்கும் சிரிப்பு வந்தது. கிளையிலிருந்து கிளைக்கு, புளியமரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு. பிறகு ஓரிடத்தில், இரண்டு கிளை பிரிகிற கவட்டைத் தாண்டியதும், சட்டென்று நின்றது. கயிறு பின்னால் கவட்டுக்குள் போய் விறைப்பாக நின்றது. என் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது. முன்னால் ஒரு கையை நீட்டியது, எட்டவில்லை. இன்னொரு தடவை நீட்டியது. பிறகு தலையை மட்டும் திருப்பி, அந்தப் பெரிய கண்ணால் எங்களைப் பார்த்தது.

"பாத்தியா மாப்ள, போக மனசு வர்ல. உன்னயே பாக்குது" என்றார் மாமா.

நான் கையை ஆட்டினேன். அது பார்த்துக்கொண்டே இருந்தது. ஜீப் கிளம்பியது. பின்சீட்டில் முழங்காலிட்டு, வளைவு வரும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அது அந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஒரு மத்தியானம் தலையில் வைத்திருந்ததற்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.