றோஸ்மலரும் எழுபத்தொரு பாகைத் தண்ணீரும்

கனடாக்காரர் ஒருவரை அமெரிக்கர் என்று அழைத்தால் அவர் சண்டைக்கு வரமாட்டார். சிரிப்பார், "சொறி" என்று மன்னிப்புக்கூடக் கேட்பார். ஆனால் அதற்குப் பிறகு அந்த மேசையில் பேச்சு வளராது. அந்த இரண்டு நாடுகளையும் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த றோஸ்மலர் அக்கா இதைக் கவனித்து வைத்திருந்தார். 2009 அக்டோபரில் அவருடைய வேலை போகும் நிலை வந்தபோது, இந்தக் கவனிப்பைத் தவிர அவர் கையில் வேறெதுவும் இருக்கவில்லை.

லண்டனில், ரஸ்ஸல் ஸ்குவாருக்குப் பக்கத்தில், நூற்றுச் சொச்சம் அறைகள் கொண்ட ஒரு ஹோட்டல். அதன் காலை உணவு மண்டபத்தில் ஆறு வருடமாகத் தேநீரும் கோப்பியும் பரிமாறியவர் அவர். பின்னால் அடுக்களையில் முட்டையும் சொசேஜும் பொரித்தவன் நான். அக்கா மன்னார் பேசாலையில் பிறந்து, ஜெர்மனியில் ஒரு சலவை ஆலையில் பன்னிரண்டு வருடம் வெந்து, பிறகு ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவர். ஐம்பத்திரண்டு வயது, சின்ன உருவம், ஓட்டமும் நடையுமான நடை. விடிய ஐந்து மணிக்கு ட்ரெயின் ஏறினால் ஆறு மணிக்கு மேசைகளில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். படித்தது எட்டாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த பட்டதாரிகள் சிலர் ராகு காலம் பார்க்காமல் வங்கிக்குக்கூடப் போகமாட்டார்கள். இவர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வார். பார்க்காததைத் தெரியாது என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் தேநீர் கேட்டாராம். இவர் ஆவி பறக்கும் தேநீர்க் குடுவையை, ரீப்பொட்டை, கொண்டுபோய் வைத்தார். வந்தவர் அதை வெறித்துப் பார்த்தார். அவருக்கு வேண்டியது ஐஸ் போட்ட, இனிப்பான, குளிர்ந்த தேநீர். அவருடைய ஊரில் தேநீர் என்றால் முதலில் அதுதான். அடுத்த நாள் காலையில் இவர் தேயிலைச் சாயத்தை இறுக்கி, சீனி கரைத்து, ஐஸ் நிரப்பி, உயரமான கிளாஸில் கொண்டுபோனார். அந்த மனிதர் எழுந்து நின்று கை கொடுத்து, மண்டபம் முழுவதற்கும் கேட்க நன்றி சொன்னாராம்.

"அமெரிக்கர் அப்பிடித்தான்," என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். "நல்லதெண்டாலும் ஊர் கேக்கச் சொல்லுவினம், கெட்டதெண்டாலும் ஊர் கேக்கச் சொல்லுவினம். எனக்கு அது பிடிக்கும். மனசுக்குள்ள வைச்சு ஊறப்போடாதுகள்."

"கனடாக்காரர்?"

"அவை ஊறப்போடுவினம். கோப்பி ஆறிப்போச்செண்டா அமெரிக்கன் கையைத் தூக்கிக் கூப்பிடுவான். கனடாக்காரன் 'சொறி' எண்டு சொல்லி ஆறின கோப்பியைக் குடிச்சு முடிப்பான். போகேக்க காட்டில எழுதுவான்."

காட் என்றது வரவேற்பில் வைத்திருக்கும் கருத்து அட்டையை.

கனடாக்காரர் வந்து உட்கார்ந்ததும் ரீப்பொட்டின் மூடியைத் தூக்கி ஆவி வருகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு பால் எங்கே என்று தேடுவார்கள். வெளியே எத்தனை பாகை என்று செல்சியஸில் கேட்பார்கள். பொரித்த உருளைக்கிழங்குக்கு வினாகிரி கேட்பார்கள். அறை துப்புரவு செய்யும் சுவர்ணா தன் பங்குக்கு, அவர்கள் சப்பாத்தைக் கதவடியில் சோடி சோடியாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள் என்றாள். ஒருநாள் அக்கா ஒரு அமெரிக்கப் பெண்மணியிடம், வீட்டில் தேநீர் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடிவந்தார்.

"மைக்ரோவேவில தம்பி! கோப்பையில பச்சைத் தண்ணியை ஊத்தி, மைக்ரோவேவில வைச்சு, எடுத்து, தேயிலைப் பையைப் போடுறாவாம். தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலே இல்லையாம் வீட்டில!"

"செத்தவீட்டுச் செய்தி மாதிரிச் சொல்றியள் அக்கா," என்றேன்.

எனக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. ஒரு நாட்டுச் சனத்தை ஒரே அச்சில் வார்ப்பது எனக்குப் பிடிக்காது. எங்களைப் பற்றியும் அப்படிப் பேசியவர்கள் எங்களுக்குச் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"நான் ஆரையும் வார்க்கேல்லை," என்றார் உடனே. "ரத்தத்தில தேத்தண்ணி ஓடுதெண்டு சொன்னனானோ? கேத்தில் இருந்த வீட்டில வளர்ந்தவை ஒரு மாதிரிக் குடிப்பினம், இல்லாத வீட்டில வளர்ந்தவை இன்னொரு மாதிரிக் குடிப்பினம். அவ்வளவுதான். நாளைக்கு அந்த மனுசி ஒரு கேத்தில் வாங்கினா எல்லாம் மாறிடும்."

மனித குணத்தைப் பிறப்போடு கட்டிவைக்கும் அறிவாளிகள் நிறையப் பேரை வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு வராத தெளிவு இது.

செப்டம்பரில் செலவுக் குறைப்பு வந்தது. மண்டபத்திலிருந்த இரண்டு பெரிய கேத்தில்களையும் தூக்கிவிட்டார்கள். காலை ஆறரைக்கு ஒரு தடவை பிளாஸ்குகளில் சுடுதண்ணீர் நிரப்பி மேசைகளில் வைத்தால் போதும் என்று உத்தரவு. எட்டரைக்கு வருபவருக்கும் அதே தண்ணீர்தான். அக்டோபர் முதல் வாரத்தில் வட அமெரிக்காவிலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு பாடகர் குழு வந்து தங்கியது. அவர்கள் போன பிறகு ஏழு அட்டைகள் மிஞ்சின. ஏழிலும் ஒரே குறை: தேநீர் ஆறிப்போயிருந்தது. மூன்றில் "குறைசொல்ல மனமில்லை, மன்னிக்கவும்" என்றும் எழுதியிருந்தது.

இரண்டு நாளில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. பணியில் அலட்சியம், வெள்ளிக்கிழமை ஒழுங்கு விசாரணை, வேலைநீக்கம்வரை போகலாம். தண்ணீரைச் சூடில்லாமல் வைத்தவர்கள் மேலே இருக்க, அதைச் சுமந்து போனவரிடம் விளக்கம் கேட்டார்கள். உலகத்தில் பெரும்பாலான விசாரணைகள் இப்படித்தான் நடக்கின்றன.

அந்த வருடம் அவருக்கு அந்த வேலை சோற்றுக்கு மட்டுமான வேலையாக இருக்கவில்லை. ஊரில் போர் முடிந்ததிலிருந்து தம்பி குடும்பம் ஐந்து உயிர்களோடு செட்டிகுளம் அகதி முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. அவர்களுக்கு வெளியே இருந்த ஒரே கை இவருடையது.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் மேற்பார்வையாளர் அருள்நேசன். சுவிஸிலிருந்து வந்தவர், கரவெட்டிக்காரர், எங்களில் ஒருவர்.

"அக்கா, நான் என்ன செய்ய? காட் வந்திட்டுது. அந்த அமெரிக்கன் குறூப் உங்களைத்தான் சொல்லுது."

"அமெரிக்கனோ? ஆர் சொன்னது? அதில பாதி கனடா."

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா. ஒரே இங்கிலிஷ், ஒரே சாப்பாடு."

"அப்ப நீயும் சிங்களவனும் ஒண்டுதான். ஒரே சோறு, ஒரே சம்பல்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன்வரை சிரித்துவிட்டான். அருள்நேசன் முகம் கறுத்துப் போய்விட்டார்.

அக்கா அட்டைகளின் பிரதிகளைக் கேட்டு வாங்கினார். அவற்றில் பெயர் இல்லை, அறை எண் மட்டும். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, எந்த மேசை, என்ன கேட்டார்கள் என்று நினைவிலிருந்து சொன்னார். "நூற்றெட்டு, வினாகிரி கேட்ட கிழவர். நூற்றிருபது, கோப்பைகளைத் தானே அடுக்கித் தந்த மனுசி. ஏழும் கனடா தம்பி." எனக்கு நம்பிக்கை வரவில்லை. வரவேற்பில் இருந்த துஷ்யாவிடம், பெயர் வேண்டாம், நாட்டை மட்டும் பார்த்துச் சொல் என்று கேட்டேன். ஏழில் ஆறு கனடா. இருநூற்றுப் பதினாலு மட்டும் அமெரிக்கா, சியாட்டில்.

ஆறு! ஒரு மனிதர் நினைவிலிருந்து சொன்னது ஏழுக்கு ஆறு சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, அந்த ஏழாவது காட்டை எடுக்காதேங்கோ. ஆறைப் பற்றி மட்டும் கதையுங்கோ. அவங்களாக் கண்டுபிடிக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"உங்கட கணக்குப் பிழைச்சதெண்டு பிடிச்சுக்கொள்ளுவாங்கள்."

"பிழைச்சதுதானே? பிழைச்சதை ஒளிச்சா மிச்சம் ஆறையும் ஆர் நம்புறது?"

ஆதாரம், அறிவு என்று மேடை போட்டுப் பேசுபவன் நான். ஆதாரத்தை மறைக்கச் சொன்னவனும் நான்தான். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எட்டரை மணி. சட்டப்படி கூட ஒருவரை அழைத்துப் போகலாம் என்பதால் நான் போனேன். முகாமையாளர் பிறைஸ், பக்கத்தில் அருள்நேசன். பேச்சு ஆங்கிலத்தில். அக்காவின் ஆங்கிலம் மெதுவானது, ஆனால் தடுமாறாதது.

"நாற்பது பேர் கொண்ட ஒரு குழு. ஏழு பேருக்கு மட்டும் ஆறிய தேநீர் கிடைத்திருக்கிறது," என்றார் பிறைஸ். "மற்றவர்களுக்குக் குறையில்லை. அப்படியானால் பிரச்சினை பரிமாறியவரிடம்."

"அந்த ஏழில் ஆறு பேர் கனடாக்காரர். ஒருவர் அமெரிக்கர். நான் ஏழும் கனடா என்று நினைத்தேன். ஒன்று பிழைத்துவிட்டது."

"அப்படியென்றால் உங்கள் விளக்கம் சரியில்லை."

"சரியில்லாததை நானே சொல்கிறேன். மீதியையும் கேளுங்கள். அமெரிக்கர் அதிகம்பேர் கோப்பி குடித்தார்கள். தேநீர் குடித்தவர்களில் பலருக்கு இந்தச் சூடு வீட்டில் பழகிய சூடு. கனடாக்காரர் வீட்டில் கொதித்த தண்ணீரில் ஊற்றுகிறவர்கள். அவர்கள் என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, உங்களுக்கு எழுதினார்கள். எல்லாருக்கும் நான் கொடுத்தது ஒரே தண்ணீர். தண்ணீரைப் பாருங்கள்."

மேசை மேல் ஒரு பிளாஸ்கை வைத்தார். மண்டபத்தில் ஆறரையிலிருந்து நின்ற பிளாஸ்க். இறைச்சி வெந்ததா என்று நாங்கள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை நான் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "நீங்களே வையுங்கள்," என்று பிறைஸைக் காட்டினார்.

பிறைஸ் வைத்தார். எழுபத்தொன்று.

ஊழியர் அறையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த கேத்திலிலும் வைத்தார். தொண்ணூற்றேழு.

அவர் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார். பிறகு, முகாமையாளர்களுக்குக் கைவந்த கலைப்படி, வேறு கதவால் வந்தார். "தண்ணீர் சூடில்லை என்று தெரிந்திருந்தால் நீங்கள் ஏன் மேலிடத்துக்கு அறிவிக்கவில்லை?"

செப்டம்பரில் இரண்டு தடவை அருள்நேசனிடம் அவர் முறையிட்டது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நல்ல மிதி.

"அதற்கு மிஸ்டர் அருள்நேசன் பதில் சொல்வார்," என்றார்.

அருள்நேசன் பிளாஸ்கைப் பார்த்தார். அவருக்கும் வீட்டுக்கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தன, ஆட்குறைப்புப் பட்டியலில் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

"இரண்டு தடவை சொன்னார்," என்றார் கடைசியில். "நான் உங்களுக்குச் சொல்லவில்லை. கேத்தில்களை எடுத்தது உங்கள் முடிவு என்பதால் சொல்லப் பயந்தேன்."

வெளியே வந்ததும் அக்கா அவருடைய தோளில் தட்டினார். "இதை முதலே சொல்லியிருந்தா என்ர ஒரு கிழமைத் தூக்கம் மிஞ்சியிருக்கும், மடையா." அருள்நேசன், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றார். என் பக்கம் திரும்பி, "பார்த்தியே, நான் கும்பிட்ட அந்தோனியார் கைவிடேல்லை," என்றார் அக்கா.

"வெப்பமானி கைவிடேல்லை எண்டு சொல்லுங்கோ."

"அதை உன்ர கையில தந்தது ஆர்?"

இந்த விவாதத்தில் நான் அவரிடம் வென்றதில்லை.

திங்கட்கிழமை கேத்தில்கள் திரும்பி வந்தன. செவ்வாய் கடிதம் வந்தது: குற்றச்சாட்டு விலக்கப்படுகிறது, நடந்தது "ஒரு தவறான புரிதல்". அக்கா கையெழுத்துப் போடவில்லை. நேரே பிறைஸிடம் போனார்.

"புரிதலில் தவறு இல்லை. எனக்கும் தண்ணீருக்கும் புரிந்தது. தவறு கேத்திலை எடுத்ததில். அப்படி எழுதுங்கள்."

ஐம்பத்திரண்டு வயது, எட்டாம் வகுப்பு, மற்றவர் எச்சிற் கோப்பையைத் தூக்கும் வேலை. இந்த மூன்றையும் காட்டி ஒருவரைக் குனியவைக்கலாம் என்று இந்த நகரம் நம்புகிறது. அவர் குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

பிறைஸ் இரண்டு நாள் எடுத்தார். புதுக் கடிதத்தில், சுடுதண்ணீர் ஏற்பாட்டை மாற்றியது நிர்வாகத்தின் தவறு என்றும், ஊழியர் அதை உரிய நேரத்தில் அறிவித்திருந்தார் என்றும் இருந்தது. அக்கா அடுக்களை வாசலில் நின்று அதை இரண்டு தடவை வாசித்தார். "ஓம், இது சரி," என்று கையெழுத்து வைத்தார்.

மணி ஏழரை. மண்டபத்தில் புதிய குழு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, அவுஸ்திரேலியர்கள்.

"இவை எப்பிடிக் குடிப்பினமெண்டு எனக்குத் தெரியாது," என்றபடி அவர் கேட்கப் போனார்.