கண்ணாடி அலுமாரிக்குள்ள இருந்த பிறேக் ஒயில்

வெளிநாட்டில இருந்து வாற சாமான் எதுவும் எங்கடை வீட்டில பாவிக்கிறதுக்கு வாறதில்லை. கண்ணாடி அலுமாரிக்குள்ள குந்தியிருக்கத்தான் வரும். காஞ்சுபோன சென்ற் போத்தல், சொக்லேட் முடிஞ்ச தகர டப்பா, ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்காத கோப்பையள். அதுகளுக்கு நடுவில, பேர் தெரியிற பக்கம் முன்னுக்குத் திருப்பி, ஒரு பிறேக் ஒயில் போத்தல். விசர்க் கதையில்லை. காருக்கு ஊத்துற அதே பிறேக் ஒயில்தான்.

அதைக் கொண்டு வந்தவர் என்ரை மனுசன்ரை தமையன். லண்டனில இருக்கிறவர். நான் பெரியத்தான் எண்டு கூப்பிடுறனான். முந்தி ஒருக்கா லீவில வரேக்க தம்பியாருக்கெண்டு கொண்டு வந்து, ரேஸ் ஓடுறவை பாவிக்கிற சாமான் எண்டு சொல்லி, மூடியைத் திறந்து எல்லாருக்கும் மணக்கக் குடுத்தவர். மாமி மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்துபோட்டு, "நல்ல சாமான்" எண்டா. பிறேக் ஒயிலை மணந்து பாத்து நல்லது கெட்டது சொல்லுற குடும்பத்துக்குள்ளதான் நான் கலியாணம் கட்டி வந்தனான். அதுக்குப் பிறகு வாற போற சனத்துக்கெல்லாம் அந்தப் போத்தலைக் காட்டினவை. காட்டேக்க எல்லாம் மூடியும் திறபடும்.

எங்கடை வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. குசினியில உப்புப் போத்தலைத் திறந்து வைச்சா விடியமுன்னம் உப்பு கசிஞ்சு தண்ணியாப் போகும். பிறேக் ஒயிலும் அப்பிடித்தான், காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஊருக்குள்ள மெதுவா ஓடுற காரில அது தெரியவராது. வேகமா ஓடி ஓடி அமத்தினா பிறேக் சூடாகும், அந்தச் சூட்டில ஒயிலுக்குள்ள இருக்கிற தண்ணி கொதிச்சுக் குமிழி வரும். பிறகு பெடலை மிதிச்சா தலையணையை மிதிக்கிற மாதிரி இருக்கும், கார் நிக்காது. இதை நான் அந்த வீட்டில எல்லாருக்கும் முன்னால சொன்னனான். பெரியத்தான் கொடுப்புக்குள்ள சிரிச்சார்.

என்ரை தொழிலே இதுதான். திருகோணமலையில பொம்பிளையளுக்கு கார் ஓடப் பழக்கிறனான். பழக்கிற காரில என்ரை பக்கத்திலயும் ஒரு பிறேக் இருக்கு. பஸ் ஸ்ராண்டடியில ஓட்டோ, சைக்கிள், மாடு, போதாக்குறைக்கு ரோட்டில நிக்கிற மான், இவ்வளவுக்கும் நடுவில மற்ற ஆக்கள் விடுற பிழைக்கு மிதிச்சு மிதிச்சு என்ரை கால் தேஞ்சு போச்சு. எங்களுக்கெண்டு வீட்டில ஒரு சின்னக் கார் நிக்குது. அதிலை நான் ஓட, என்ரை மனுசன் பக்கத்தில இருந்தா ஒரு கை மேல இருக்கிற பிடியில தொங்கும். இல்லாத பிறேக்கைக் கால் தேடித் தேடி அமத்தும். நல்ல மனுசன்தான், கச்சேரியில அரசாங்க வேலை, குடிவெறி இல்லை. ஆனா தமையன் வந்து நிண்டா காரின்ரை திறப்பு தமையன்ரை கைக்குப் போயிடும். நான் பின் சீற்றில மாமியோட இருக்கவேண்டியதுதான்.

என்னட்டை ஓடப் பழகின டொக்டர் பிள்ளை ஒண்டுதான் கார் ரேஸ் ட்ராக் கதையைக் கொண்டு வந்தது. புது ஆக்களுக்கெண்டு ஒரு நாள் விடுகினமாம், சொந்தக் காரைக் கொண்டு போகலாமாம், போட்டி கீட்டி ஒண்டும் இல்லை, ஆர் முதல் எண்டு பாக்க மாட்டினமாம். முதல் ஓட்டம் தனிய. ரெண்டாவது ஓட்டத்தில பக்கத்தில ஒராளை ஏத்தலாம். அந்த ரெண்டாவது ஓட்டம்தான் என்னைப் பிடிச்சுது. ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ரை மனுசன் கையை மடியில வைச்சுக்கொண்டு என்ரை பக்கத்தில இருக்கவேணும். நீர் ஓடினா எனக்குப் பயமில்லை எண்டு அந்த வாயால வரவேணும். அதுக்காகத்தான் பேரைக் குடுத்தனான். வேறை ஒரு கோதாரிக்கும் இல்லை.

அந்த நேரம் பாத்துப் பெரியத்தான் லீவில வந்து இறங்கினார். வந்த நாளில இருந்து ட்ராக்கைப் பற்றி ஒரே விண்ணாணம். எந்த வளைவில எப்பிடித் திருப்பவேணும், எங்க பிறேக் அமத்தவேணும் எண்டு சாப்பாட்டு மேசையில கரண்டியை வைச்சுப் படிப்பிச்சார். லண்டனில ட்ராக்குக்குப் போயிருக்கிறாராம். ஓடினீங்களோ எண்டு கேட்டன். "போய்ப் பாத்தனான்" எண்டார்.

நான் என்ரை வேலையைப் பாத்தன். முன் சில்லு ரெண்டுக்கும் புது பிறேக் பாட் போட்டன். புதுப் பாட் அது கவ்விப் பிடிக்கிற டிஸ்கோட பழகவேணும், அதுக்கு விடியக் காலமை நிலாவெளி ரோட்டில சனம் வரமுன்னம் வேகம் எடுக்கிறதும், நிப்பாட்டாமல் குறைக்கிறதும், திரும்ப எடுக்கிறதுமா ஓடினன். பெரியத்தான் பக்கத்து வீட்டுக்காரரிட்டைச் சொன்னாராம், "கிளச் விடத் தெரியாமல் காரைக் குலுக்கிக்கொண்டு திரியிறா" எண்டு. எத்தினை பேருக்குக் கிளச் விடப் பழக்கினவள் நான். இவர் எனக்குப் படிப்பிக்கப் போறாராம்.

பிறகு ஒயில் மாத்தினன். ரவுணில சீல் உடைக்காத போத்தல் ரெண்டு வாங்கி வந்தனான். பழைய ஒயிலையும் காத்தையும் வெளியில எடுக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒராள் உள்ளுக்கு இருந்து பெடலை அமத்திப் பிடிக்கவேணும், மற்ற ஆள் சில்லடியில இருந்து ஒரு சின்ன நிப்பிளைத் திறக்கவேணும். ஒயில் குழாயால வரும். நிப்பிளைப் பூட்டினாப் பிறகுதான் மேல இருக்கிறவர் காலை எடுக்கலாம். முதலே எடுத்தா காத்து உள்ளுக்கு இழுபடும், செய்தது முழுக்க வீண். என்ரை மனுசனை இருத்தி வைச்சு இவ்வளவும் விளங்கப்படுத்தினன். ஓம் ஓம் எண்டார்.

மூண்டு சில்லு வடிவா முடிஞ்சுது. நாலாவதில நான் நிப்பிளைத் திறந்து வைச்சிருக்க, விறாந்தையில இருந்து பெரியத்தான்ரை குரல் வந்தது. "தம்பி, தேத்தண்ணி ஆறுது, வா." அவ்வளவுதான். மனுசன் காலை எடுத்திட்டார். குழாய்க்குள்ள ஒயில் பின்னுக்கு ஓடினதை என்ரை கண்ணால பாத்தன். கையில ஸ்பானரோட எழும்பி நான் கதைச்ச கதையை இங்க எழுத ஏலாது.

மற்ற நாள் காலமை நாலாவது சில்லைத் திரும்பச் செய்தம். பெடல் கல்லு மாதிரி நிண்டுது. அதுக்கும் பெரியத்தானிட்டை ஒரு கதை இருந்தது. "உந்த ஊர் ஒயிலில காத்து நிக்கும்தான். அலுமாரிக்குள்ள தங்கம் மாதிரிச் சாமான் கிடக்கு." அந்தக் கண்டறியாத போத்தல் என்ரை காருக்குள்ள வராது எண்டு முகத்துக்கு நேர சொன்னன். மிச்சம் இருந்த சீல் போத்தலை டிக்கியில வைச்சிட்டு, அதோட கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

போறதுக்கு முதல் நாள் எனக்கு ஒரு பிள்ளையின்ரை லைசன்ஸ் ட்ரையல் இருந்தது, பகல் முழுக்க வீட்டில இல்லை. திரும்பி வரேக்க கார் கழுவித் துடைச்சு நிண்டுது. மாமி முன் கண்ணாடியில சந்தனமும் குங்குமமும் வைச்சிருந்தா. மூடியைத் திறக்காமல் வெளியால ஒயில் மட்டம் பாத்தன், சரியா இருந்தது. பெரியத்தான் என்னைப் பாத்து, "எல்லாம் நல்லா நடக்கும் தங்கச்சி" எண்டார். அந்த வீட்டில எனக்கு அவ்வளவு மரியாதை கிடைச்சது அதுதான் முதல்தரம்.

விடியமுன்னம் வெளிக்கிட்டு, கந்தளாய் தாண்டி, நெடுகலும் நான்தான் ஓடினன். பெரியத்தான் முன் சீற்றில. பின்னுக்கு என்ரை மனுசன் சாப்பாட்டுப் பார்சலோட. ட்ராக்கில ஆக்களைக் கூட்டி விளக்கம் சொல்லிச்சினம். கொடி காட்டினா என்ன செய்யிறது, முந்த விடுறது எப்பிடி, பிறேக் பிழையெண்டு தெரிஞ்சா உடனை உள்ளுக்கு வரவேணும். நான் வாய் பாக்காமல் கேட்டன். பெரியத்தான் பக்கத்தில நிண்டு, சொல்லுறவருக்கு முதலே எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

முதல் சுற்று மெதுவா. ரெண்டாவதில கொஞ்சம் விட்டன். நேர் ரோட்டு முடியிற இடத்தில அட்டை நட்டு வைச்சிருந்தவை, அதில வைச்சு அமத்தினா கார் சொன்னபடி குறைஞ்சுது. சந்தோசமா இருந்தது, அதை ஏன் ஒளிப்பான். மாடும் இல்லை, மானும் இல்லை, ஒருத்தற்றை பிழைக்கும் நான் மிதிக்கத் தேவையில்லை. இன்னும் ரெண்டு சுற்றில பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இருந்தது. புதுப் பாட், சூடு, எண்டு நினைச்சன். இந்தச் சுற்றோட உள்ளுக்குப் போவம் எண்டு நினைச்சுக்கொண்டு நேர் ரோட்டுக்கு வந்து, அட்டையடியில காலை வைச்சன். பெடல் அடித்தட்டு வரைக்கும் போச்சு.

ஒண்டுமில்லை. திரும்ப மிதிச்சன், ஒண்டுமில்லை. கியரைக் குறைச்சன், என்ஜின் கத்திச்சுது. விடாமல் மிதிச்சு மிதிச்சுக் கொஞ்சம் பிடிச்சுது, வளைவுக்கு அது காணாது. திருப்பப் போனா பிரளும் எண்டு தெரியும். ஸ்ரேறிங்கை நேர பிடிச்சுப் புல்லுக்குள்ள விட்டன். ஹாண்ட் பிறேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, ரயர் அடுக்கின மதிலுக்கு ஒரு கார் நீளம் இருக்கேக்க நிண்டுது. பக்கத்துச் சீற் வெறுமையா இருந்ததைப் பாத்தன். அடுத்த ஓட்டத்தில அதில என்ரை மனுசன் இருக்கிறதா இருந்தது.

கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டாப் பிறகு முதல் வந்த கதை பெரியத்தான்ரைதான். "உமக்குக் கால் பயந்து போச்சு. பொம்பிளையளுக்கு நேர் ரோட்டு முடியேக்க அப்பிடித்தான் வாறது." சூடு ஆறவிட்டுப் போனட்டைத் திறந்து ஒயில் மூடியைக் கழட்டினன். நான் ஊத்தின ஒயில் எண்ணெய்த் தெளிவு. உள்ளுக்கு நிண்டது சாயம் விட்ட தேத்தண்ணி நிறம்.

மனுசனைப் பாத்தன். அவர் நிலத்தைப் பாத்தார். "அண்ணை சொன்னவர்" எண்டார். "நீர் ட்ரையலுக்குப் போன நேரம் மாத்தினம். அம்மாவும் சொன்னவ, நல்ல சாமானாம்."

பெரியத்தானுக்கு வெக்கம் வரும் எண்டு நினைச்சா நாங்கள்தான் பேயர். "அது ரேஸ் ஒயில் தங்கச்சி, உம்மடை ஊர் ஒயில் இல்லை. சாமானில பிழையில்லை, ஓட்டத்தில பிழை" எண்டார். சரி எண்டன். பெடலை மிதிச்சுப் பாத்தன், ஆறினபடியால் திரும்பி வந்திருந்தது. "அப்ப அடுத்த ஓட்டத்துக்கு நீங்கள் என்ரை பக்கத்தில இருங்கோ பெரியத்தான். என்ரை பிழை எதெண்டு பக்கத்தில இருந்து சொல்லுங்கோ." ஹெல்மெட்டையும் நீட்டினன்.

அவர் ஹெல்மெட்டைப் பாத்தார், காரைப் பாத்தார். நாரிப் பிடிப்பாம். காலமை காரில இருந்த இருப்பில இடுப்பு பிடிச்சிட்டுதாம். தம்பியாற்றை பக்கம் திரும்பி, "நீ ஏறடா" எண்டார்.

என்ரை மனுசன் ஏறினார். ஹெல்மெட்டை என்ரை கையில இருந்து வாங்கிப் போட்டு, நாடியில பட்டியை இறுக்கி, சீற் பெல்ற்றும் போட்டுக்கொண்டு கையை மடியில வைச்சார். நான் ஆசைப்பட்ட அதே இருப்பு. பெடல் அடித்தட்டு வரைக்கும் போன காரில, ஓடுறவளை நம்பியில்லை, தமையன் சொன்னபடியால். எனக்கு அழுகையும் வந்தது, அறையவேணும் போலயும் இருந்தது. தன்ரை நாரிக்குப் பயந்து தம்பியின்ரை உசிரைச் சீற்றில இருத்தி விட்டிட்டு நிக்கிற அந்த லண்டன்காரரையும் பாத்தன். தூ எண்டு துப்பலாம் போல இருந்தது.

"இறங்கி வந்து இஞ்சால் என்ரை சீற்றில இருங்கோ" எண்டன். டிக்கியைத் திறந்து சீல் போத்தலையும் காரைத் தூக்கிற ஜக்கையும் குழாயையும் ஸ்பானரையும் எடுத்தன். பழசை உறிஞ்சி எடுத்திட்டுப் புது ஒயிலை ஊத்தினன். சில்லுச் சில்லா, அமத்துங்கோ, விடுங்கோ, அமத்துங்கோ, விடுங்கோ. குழாயால தேத்தண்ணி நிறத்தில அந்த நல்ல சாமான் வந்து கொண்டே இருந்தது. மற்றக் கார்க்காரர் ஒவ்வொருத்தரா வந்து பாத்திட்டுப் போச்சினம். அது பெரியத்தானுக்குப் பிடிக்கேல்லை.

நாலாவது சில்லில நிப்பிளைத் திறந்தன். ஒயில் தெளிஞ்சு வரத் தொடங்கிச்சுது. அந்த நேரம் தலைக்கு மேல குரல் கேட்டது. "காணும் தம்பி, காலை எடு. சனம் பாக்குது."

நான் குழாயைப் பாத்தபடி குந்தியிருந்தன். கை ஸ்பானரில. ஒயில் முன்னுக்குத்தான் வந்து கொண்டிருந்தது.

"தம்பி, உனக்குத்தான் சொல்லுறன். காலை எடு."

நிப்பிளை இறுக்கிப் பூட்டினன். ஒருக்காத் துடைச்சன். திரும்பவும் இறுக்கிப் பாத்தன். பிறகு நிமிந்து கதவடியால பாத்தா, என்ரை மனுசன் தமையனைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தார். வேர்வை நாடியால ஒழுகுது. கால் பெடலை அடித்தட்டோட அமத்தினபடி.

"இப்ப விடுங்கோ" எண்டன். விட்டார்.